இலவசக் கல்வியும் எழுதப்படாத கட்டணமும்

இலங்கையிற் பெண் கல்வியின் வரலாற்றை ஆராய்வோர், 1824ஆம் ஆண்டில் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையையும் 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தையும் இரு பெருந் திருப்பங்களாகக் கொள்வர். பெண்பிள்ளை பூப்பெய்தியதும் பள்ளியினின்று நிறுத்திவிடும் வழக்கம் முன்னர் நம் ஊர்களிற் பரவலாக இருந்தது. நாளடைவில் அஃது அருகியது. ஆயின், பூப்பெய்திய பின்னரும் பள்ளி செல்பவளுக்கு மாதந்தோறும் வேண்டப்படும் பொருளை யார் கொடுப்பது என்ற வினா நெடுங்காலம் எழவேயில்லை.

1945இற் கட்டணம் நீங்கியது. 1980இற் பாடநூல்களும், 1990களிற் சீருடைத் துணியும் இலவசமாயின. வறிய பிள்ளையைத் தடுத்து நின்ற செலவுகளை அரசு ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டமையை இவை காட்டுகின்றன. சுகாதாரத் துவாய் விடயத்திலோ நடந்தது இதற்கு நேர்மாறானது. 2018 செப்டெம்பர் வரை, இறக்குமதியாகும் துவாய்கள் மீதான வரிகள் யாவும் சேர்ந்து 101.2 வீதமாயின, பொருளின் பெறுமதியினும் வரி மிகுந்திருந்தது. அவ்வாண்டு செஸ் வரி நீக்கப்பட்டபின் அது 62.6 வீதமாகக் குறைந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலை மீண்டும் ஏறிற்று. 2024இலேயே, பின்தங்கிய கிராமப்புற, தோட்டப்புறப் பாடசாலை மாணவியர்க்கு 1,200 ரூபா வவுச்சர் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. இலவசக் கல்விக்கும் இதற்குமிடையே கழிந்தவை 79 ஆண்டுகள்.

இத்தாமதத்திற்கு வறுமை மட்டுமே காரணமன்று. சாமத்தியச் சடங்கை ஊரழைத்துக் கொண்டாடும் நாம், அடுத்த மாதந்தொட்டு அதனைத் 'துடக்கு' என்று மறைக்கின்றோம். வாய்விட்டுக் கேட்கப்படாத தேவை வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுதல் அரிது.

துவாய் ஒன்றே போதுமெனக் கொள்வதும் பொருந்தாது. நேபாளத்தின் சித்வான் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வொன்று, மாதவிடாய்க் கிண்ணம் பெற்ற மாணவியரின் வரவு அதனாற் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை எனக் கண்டது. நோவும், நீரற்ற மலசலகூடமும், வீட்டார் விதிக்கும் தடையும் துவாயால் மட்டும் தீர்வனவல்ல. எனினும், வரவு ஒன்றே அளவுகோலாகாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கறைபடுமோ என அஞ்சி, எழுந்து விடை கூறாது அமர்ந்திருக்கும் மாணவியும் பதிவேட்டில் வந்தவளாகவே குறிக்கப்படுகின்றாள். அவள் இழந்த பாடம் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. கல்வி இலவசமாயிற்று என்று நாம் எழுதும் வரலாறு, அவளையும் கருத்திற் கொண்டபின்னரே நிறைவுறும்.