தசைக் களைப்பும் குளுக்கோசும்: ஒரு வரலாற்று நோக்கு

அறுவடை இயந்திரங்கள் வயலுக்கு வருமுன்னர், நாவிதன்வெளி முதலிய கிராமங்களில் வேளாண்மை வெட்டுவோர் விடியற்பொழுதிலேயே தாக்கத்தியுடன் வட்டையில் இறங்குவர். காலையில் விரைந்து இயங்கிய கை, வெயில் உச்சியை நெருங்குகையில் தளரும். கஞ்சியோ பழஞ்சோறோ உண்டு சற்று இளைப்பாறிய பின் அதே கை மீண்டும் வேலைக்கு எழும். ஆடிமாதத்தில் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாரும் இவ்வனுபவத்தை அறிவர். உணவு களைப்பைப் போக்கும் என்பது உழைப்போர்க்குப் புதிய செய்தியன்று. எனினும், நீண்ட உழைப்பில் தசை ஏன் களைக்கின்றது என்பதை அறிவியல் தெளிவாக அறிய நூறாண்டுக்கு மேலாயிற்று. அதுவரை, தளர்ந்தவனைச் சோம்பன் என்றும் மனவுறுதி அற்றவன் என்றும் இகழ்தல் எளிதாயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமானிய வேதியியலறிஞர் லீபிக் என்பார், தசை வேலை செய்கையில் தசைப் புரதமே எரிந்து அழிகின்றது என்று கற்பித்தார். அவர் புகழ் பெரிது. ஆதலின் அக்கொள்கையும் ஓங்கி நின்றது. 1865இல் சூரிச் நகரப் பேராசிரியர்களான பிக், விசுலிசேனசு ஆகிய இருவரும் இதனைத் தம் உடலிலேயே சோதித்தனர். புரதம் தவிர்த்து, மாவும் கொழுப்பும் வெல்லமும் மட்டும் உண்டு, சுவிற்சலாந்தின் பவுல்கோன் மலையில் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரம் ஏறினர். சிறுநீரில் வெளியேறிய நைதரசனை அளந்து நோக்கியபோது, எரிந்த புரதம் அம்மலையேற்றத்துக்குப் போதாது என்பது புலனாயிற்று. தசையின் எரிபொருள் வேறோரிடத்திலிருந்து வருதல் வேண்டும்.

அவ்வெரிபொருளுள் ஒன்றன் இருப்பிடம் முன்னரே அறியப்பட்டிருந்தது. பிரான்சிய அறிஞர் கிளோட் பெர்னார்ட் 1857இல் ஈரலிலிருந்து கிளைக்கோசனைப் பிரித்தெடுத்தார். குளுக்கோசு மூலக்கூறுகள் பல இணைந்து ஆகிய இப்பொருள் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகின்றது. ஈரலிலுள்ள கிளைக்கோசன் வேண்டும்போது குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கும். தசையிலுள்ளதோ அத்தசைக்கே பயன்படும். வளர்ந்த ஒருவரின் ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். குருதியில் ஓடும் குளுக்கோசோ ஏறக்குறைய 5 கிராமே. களஞ்சியம் சிறிது, செலவோ பெரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளரின் கவனம் இலற்றிக்கமிலத்தின்பாற் சென்றது. தசையாய்வுக்காக ஹில், மயர்ஹோப் இருவரும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றனர். ஆயினும் அவ்வமிலத்தைக் கொண்டு, மணிக்கணக்காக மிதமாக உழைப்பவனின் தளர்ச்சியை விளக்குதல் இயலாதாயிற்று.

அதற்கு விடை ஆய்வுக்கூடத்தில் அன்றி வீதியிலே கிடைத்தது. 1924இல் பொசுத்தன் மரதன் ஓட்டத்தை முடித்தோரின் குருதியை லெவின் முதலிய மருத்துவர் சோதித்தனர். பலருக்குக் குளுக்கோசு மிகக் குறைந்திருந்தது. முகம் வெளிறித் தடுமாறி நின்றோரும் அவர்களே. மறுவருட ஓட்டத்தின்போது வீரர்க்கு மாப்பொருள் மிகுந்த உணவும், ஓடும்போதே உண்ண இனிப்பும் கொடுக்கப்பட்டன. குருதிக் குளுக்கோசு குறையவில்லை. அவர்கள் நல்ல நிலையிலேயே ஓட்டத்தை முடித்தனர்.

1939இல் கொப்பனேகன் நகரில் கிறிசுத்தென்சன், ஹான்சன் ஆகியோர் மேலும் ஒருபடி சென்றனர். மாப்பொருள் உணவு உண்டோர், கொழுப்புணவு உண்டோரைவிட இருமடங்குக்கு மேற்பட்ட நேரம் உழைத்தனர். களைத்து ஓய்ந்தவர்க்குக் குளுக்கோசு கொடுத்தபோது அவர் மீண்டும் உழைக்கலாயினர். மூளையும் குளுக்கோசையே பெரிதும் நம்பி வாழும் உறுப்பாதலின், களைப்பு தசையினும் மூளையிலே முதலில் தோன்றியிருக்கலாம் என அவர்கள் கருதினர்.

தசையினுள்ளே நிகழ்வதை நேரிற் காணும் வழி சுவீடனிற் பிறந்தது. பெரிசுத்திரோம் 1962இல் ஓர் ஊசியால் தசைத் துணுக்கை எடுத்து ஆராயும் முறையை வெளியிட்டார். 1966இல் அவரும் ஹுல்ற்மனும் ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர்க்கு ஒரு காலாக மிதித்தனர். உழைத்த காலிற் கிளைக்கோசன் அற்றுப்போயிற்று. ஓய்ந்த காலில் அது குறையவில்லை. மூன்று நாள் மாப்பொருளுணவு உண்டபின், உழைத்த காலின் சேமிப்பு மற்றதனினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1967இல் வெளியான ஆய்வில், கொழுப்புணவு உண்டோர் ஏறக்குறைய 1 மணியும், வழக்கமான உணவு உண்டோர் 2 மணியும், மாப்பொருளுணவு உண்டோர் 3 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் உழைத்தனர்.

எஞ்சிய ஐயத்தை 1986இல் அமெரிக்காவின் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் கொயிலும் குழுவினரும் ஆராய்ந்தனர். வெறும் சுவைநீர் அருந்திய சைக்கிளோட்டிகள் சுமார் 3 மணியில் ஓய்ந்தனர். மாப்பொருட் கரைசல் அருந்தியோர் சுமார் 4 மணி வரை மிதித்தனர். இருசாராரின் தசைக் கிளைக்கோசனும் ஒரே வகையிற் குறைந்தது. ஆகவே, இறுதி நேரத்தில் தசையை இயக்கியது குருதி வழியே வந்த குளுக்கோசே என்பது தெளிவாயிற்று.

களைப்புக்குக் காரணம் இஃதொன்றே எனக் கொள்ளலாகாது. வெப்பம், நீரிழப்பு, உறக்கமின்மை ஆகியனவும் உடலைத் தளர்த்தும். எனினும் இவ்வரலாறு தரும் படிப்பினை உறுதியானது. காலை உணவின்றி மைதானத்தில் ஓடும் மாணவனும், நண்பகல்வரை வெறுவயிற்றோடு வயலில் நிற்கும் கூலியாளும் தளர்வது குணக்குறையால் அன்று. களஞ்சியம் காலியாவதால் ஆகும். நீண்ட உழைப்பினிடையே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாப்பொருள் கொள்ளுதல் விளையாட்டு வீரர்க்கு இன்று கூறப்படும் அறிவுரை. வயற்கரையில் கஞ்சிப்பானையை இறக்கிவைத்த பெண்கள் அவ்வளவை அறியார். அதன் தேவையை அறிந்திருந்தனர். தளர்ந்தவனைக் கடிவதற்கு முன் அவன் உண்டானா என்று வினவுதல் ஆசிரியர்க்கும் வேலை வாங்குவோர்க்கும் கடனாகும்.