இழுப்பு, வலிவு, வீசிங்: பாறசாலை எல்லையில் ஆஸ்துமாவும் பொதுச் சுகாதாரமும்

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலையும் தமிழ்நாட்டின் களியக்காவிளையும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்தவை. இரு மொழிகளும் புழங்கும் இவ்வட்டாரத்தில் ஒரு நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. மலையாளத்தில் அது 'வலிவு'. தமிழில் 'இழுப்பு', 'இரைப்பு', 'ஈளை'. 'வலி', 'இழு' ஆகிய இரண்டு வினையடிகளும் இழுத்தல் என்னும் பொருளுடையவை. மூச்சை இழுத்து வாங்கும் துன்பமே இரு பெயர்களுக்கும் அடிப்படை. ஆயினும் இன்றைய தமிழில் 'வலி' என்பது நோவையும், 'வலிப்பு' என்பது கைகால் வெட்டி இழுக்கும் நோயையும் குறிக்கின்றன. 'இழுப்பு' ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆகவே, ஒரு தாய் தன் பிள்ளையின் நோயாகச் சொல்லும் சொல் எதைச் சுட்டுகிறது என்பது கேட்பவரின் மொழியையும் பொறுத்ததாகிறது. இச்சொற்சிக்கல், ஆஸ்துமாவைப் பொதுச் சுகாதாரம் எதிர்கொண்ட வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

இப்பகுதி மருத்துவ வரலாற்றில் பின்தங்கிய பகுதியன்று. 1838ஆம் ஆண்டிலேயே லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப்பணி தென்திருவிதாங்கூரின் நெய்யூரில் தொடங்கியது. 1920களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் நிறுவனத்தின் மருத்துவர் டபிள்யூ. பி. ஜேக்காக்ஸின் வழிகாட்டலில் கொக்கிப்புழு ஒழிப்பு, பொதுச் சுகாதாரச் சீரமைப்பு ஆகியன திருவிதாங்கூரில் முன்னெடுக்கப்பட்டன. அதன் தொடர்ச்சியாக, 1930களில் நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதார அலகு இயங்கியது. உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கர், சென்னையை அடுத்த பூந்தமல்லி, வங்காளத்தின் சிங்கூர் ஆகியவற்றோடு இணைத்துப் பேசப்படும் முன்மாதிரி அலகு அது.

அந்த அலகுகளின் வலிமை எண்ணிக்கையில் இருந்தது. கொக்கிப்புழுவின் முட்டை நுண்ணோக்கியில் தெரியும். அம்மைத்தழும்பு கண்ணுக்குத் தெரியும். கட்டப்பட்ட கழிப்பிடங்களைக் கணக்கெடுக்கலாம். ஆஸ்துமாவோ வந்து வந்து போகும் இயல்பினது. இரவில் மூச்சுத் திணறியவர் காலையில் வேலைக்குப் போவார். சுகாதாரப் பணியாளர் வரும் நேரத்தில் நோயின் அறிகுறி எதுவும் இராது. ஒழிக்கத்தக்க தொற்றுகளை எண்ணிப் பழகிய அமைப்புக்கு, ஒழிக்க இயலாத, கட்டுப்படுத்த மட்டுமே இயலும் நோயை எண்ணும் முறை கைவரவில்லை.

1956ஆம் ஆண்டு இரு வகைகளில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம், ஒவ்வோர் அழுத்தத்திலும் அளவிட்ட மருந்தை வெளியிடும் முதல் இன்ஹேலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், விளவங்கோடு உள்ளிட்ட தென்வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மருந்தை மூச்சுக்குழாய்க்கே நேராகச் செலுத்தும் வழி பிறந்த ஆண்டிலேயே, ஒரே விறகடுப்புப் புகையையும் ஒரே பருவமழை ஈரத்தையும் பகிர்ந்துகொண்ட ஊர்கள் இரு சுகாதாரத் துறைகளின் பதிவேடுகளுக்குப் பிரிந்தன.

எண்ணும் சிக்கலை உலக அளவில் வெளிப்படுத்தியது, 1991இல் தொடங்கிய குழந்தைப்பருவ ஆஸ்துமா, ஒவ்வாமை குறித்த பன்னாட்டு ஆய்வு. கோட்டயமும் சென்னையும் அதன் இந்திய மையங்களுள் அடங்கும். மூச்சில் எழும் விசில் போன்ற ஒலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'வீஸ்' என்பதற்குப் பல மொழிகளில் நேர்ச்சொல் இல்லை. அதனால் எழுத்து வினாத்தாளோடு, மூச்சுத்திணறும் இளைஞர்களைக் காட்டும் காணொளி வினாநிரலும் உருவாக்கப்பட்டது. சொல் பொருளை உணர்த்தாத இடத்தில் காட்சி அதை உணர்த்த வேண்டியிருந்தது.

அதன்பின் அந்த ஆங்கிலச் சொல்லே 'வீசிங்' என்னும் வடிவில் பேச்சுத்தமிழில் குடியேறிவிட்டது. இதன் விளைவு சிறிதன்று. 'ஆஸ்துமா' என்பது வாழ்நாள் நோய், பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகும் பெயர். 'வீசிங்' என்பது வந்து போகும் தொல்லை. முன்னதை ஏற்பவர் நாள்தோறும் தடுப்பு இன்ஹேலர் எடுப்பார். பின்னதாகக் கருதுபவர் மூச்சு முட்டும்போது மட்டும் நெபுலைசருக்கு மருத்துவமனை செல்வார். உடனடி நிவாரணம் தரும் மருந்தை மட்டும் நம்புவது ஆபத்தானது என 2019இல் பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டு நெறிகள் வெளிப்படையாக அறிவித்தன. அதே ஆண்டின் உலக நோய்ச்சுமை மதிப்பீட்டில், ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. இறப்புகளிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல்.

2010இல் தொடங்கிய தொற்றாநோய்த் தேசியத் திட்டத்தின் பெயரில் புற்று, நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் ஆகியன இருந்தன, மூச்சுநோய் இல்லை. 2017இல் தொடங்கிய கேரளத்தின் ஆர்த்ரம் இயக்கத்தில், குடும்ப சுகாதார மையங்களின் வழியாக 'சுவாஸ்' திட்டம் நாட்பட்ட மூச்சுக்குழாய் நோய்களுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுதேடிச் செல்லும் வலுவான கட்டமைப்பு. ஆனால் அதன் முதன்மை நோக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும்.

எல்லையின் இருபுறமும் கட்டமைப்பு உண்டு, மருந்தும் உண்டு. மூச்சுத்திணறல் இல்லாத நாளிலும் நோயாளியை நோயாளியாகப் பதிந்து, மாதந்தோறும் பின்தொடரும் பதிவேடே இனி வேண்டுவது. அப்பதிவேட்டின் முதல் வினா "ஆஸ்துமா உண்டா?" என்பதாக இருத்தல் போதாது. இழுப்பு, வலிவு, வீசிங் ஆகிய மூன்றையும் கேட்டுப் பொருள் தெளியும் பணியாளரே அந்நோயாளியைக் கண்டறிய இயலும்.