தாளம் ஏந்திய அம்மை

நாம் படித்த காலத்தில் காரைக்காலம்மையார் சைவசமயப் பாடப் புத்தகத்தில் வரும் ஒரு கதை. மாம்பழம், பரமதத்தன், தலையால் நடந்து சென்ற கயிலை எல்லாம் பரீட்சைக்கு வரும். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடிவிட்டு வகுப்புக்குப் போய் அந்தக் கதையை ஒப்புவித்தோம். அம்மையாரின் பழைய செப்புத் திருமேனி ஒன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருப்பதாக ஆசிரியை சொன்னார். போய்ப் பார்க்கப் பாதை இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னரே, மருத்துவபீட மாணவிகளாக இருந்த நாங்கள் மூவர் அங்கு சென்றோம்.

அத்திருமேனி பொலன்னறுவையைச் சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் சோழர் அந்நகரைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டுத் தலைநகராக்கினர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். சிவாலயங்கள் காலப்போக்கில் காட்டுக்குள் மறைந்தன. 1907, 1908ஆம் ஆண்டுகளில், எச்.சி.பி. பெல் தொல்பொருள் ஆணையாளராக இருந்தபோது, அந்த இடிபாடுகளிலிருந்து நடராசர், சிவகாமி, நாயன்மார் திருமேனிகள் வெளிவந்தன. 1960இல் மேலும் சில கிடைத்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப் பற்றி எழுதினார். ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலால் உலகமும் அறிந்துகொண்டது.

இவை பார்வைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தேன்மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அச்சை உடைத்தே திருமேனியை எடுப்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இராது. பின்னர் அதற்கு நீராட்டி, பட்டுடுத்தி, பூச்சூட்டித் திருவிழாவில் வீதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். பீடத்தில் காணப்படும் துளைகளும் வளையங்களும் தண்டு கோத்துத் தூக்குவதற்கானவை. கோயிலுக்குள் வரமுடியாத முதியவரும் நோயாளரும் தம் வாசலில் நின்றே கும்பிட்டிருப்பார்கள்.

அம்மையாரின் முன் நின்றபோது எங்கள் கண் முதலில் மருத்துவக் கண்ணாகவே வேலை செய்தது. துருத்திய காறையெலும்பு, எண்ணக்கூடிய விலா எலும்புகள், வற்றிய மார்பு. உடற்கூற்றியல் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தோம். வார்த்தவன் மெலிந்த உடலைக் கூர்ந்து பார்த்திருக்கிறான் என்று ஒருத்தி சொன்னாள். பிறகுதான் கைகளைப் பார்த்தோம். அவற்றில் தாளம். அழகு வேண்டாம், பேயுரு வேண்டும் என்று கேட்டுப் பெற்ற பெண், அந்த உருவோடு அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அமர்ந்த கோலத்தில் இருப்பவர் அவர். அந்த வரிசையிலுள்ள மூன்று பெண்களில் பாடல்கள் இயற்றியவரும் அவரே.

அன்று எங்களுக்கு 1995 நினைவுக்கு வந்தது. ஒக்டோபர் இறுதியில் மழைக்குள் வலிகாமத்தை விட்டு நடந்தபோது, சாமியறைப் படத்தைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்த அம்மாக்களை நாம் கண்டோம். வழியில் பலர் பொருட்களைக் கைவிட்டார்கள். படங்களைக் கைவிட்டவர்கள் குறைவு. விளக்கும் கோயிலும் பின்னால் நின்றுவிட, வாய்க்குள் பாடல் மட்டும் வந்தது. தாளத்தோடு அமர்ந்திருந்த அந்த மெலிந்த உருவம் அம்மாக்களை எங்களுக்கு விளங்கவைத்தது.

இன்று கண்ணாடிக்குள் இருக்கும் அம்மையாருக்குப் பூவும் இல்லை, தீபமும் இல்லை. பங்குனிச் சுவாதியில் குருபூசையும் அங்கு நடப்பதில்லை. ஆனாலும் அன்று நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டே நின்றோம். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

நூற்றாண்டு காணும் நம் பாடசாலையின் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் இருக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கொழும்பில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். கதையை நாம் ஒப்புவித்தபடியே அவர்களுக்குச் சொல்லலாம்; எலும்பையும் தாளத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.