ஐந்து மணிக்கும் அழைப்பு உண்டு

திராட்சைத் தோட்ட உவமையில் வரும் நிலக்கிழார் ஒரே நாளில் ஐந்து முறை ஆள் தேடிப் போகிறார். மாலை ஐந்து மணிக்கும் சும்மா நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அதுவரை அவர்களை யாரும் அழைக்கவில்லை. பிறருக்கு உழைக்க மனிதர்கள் ஏன் வருகிறார்கள், ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் நமக்கு இந்த உவமைதான் நினைவுக்கு வருகிறது.

1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவருக்கு வயது 20. அவரும் நண்பர்களும் கூடி வரலாற்றை விவாதிப்பது வழக்கம். திருஅவை முற்காலத்தில் ஏழைகளுக்குச் செய்த நன்மைகளை அவர்கள் பெருமையோடு பேச, எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர், இன்று நீங்கள் செய்வது என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வி குத்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று, எம்மானுவேல் பாயி என்ற பெரியவரின் துணையோடு ஒரு சில மாணவர்கள் கூடினார்கள். அதுவே இன்று நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம்.

அவர்களைத் தொடரச் செய்தது எது? ஏழைகளை நன்கு அறிந்த அருள்சகோதரி ரோசலி ரெந்து, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டினார். போன இடத்தில் முகம் தெரிந்த குடும்பங்கள் இருந்தன. திரும்பி வந்து பேச நண்பர்கள் இருந்தார்கள். ஓசானாம் பின்னாளில் பேராசிரியரானார், மணந்தார், ஒரு மகளுக்குத் தந்தையானார். 1853இல், தம் 40ஆம் வயதில் இறந்தார். சபை நிற்கவில்லை, ஒருவர் ஓய்ந்தால் தொடர மற்றவர் இருந்தார்கள்.

நம் பக்கம் பார்ப்போம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இலும், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இலும் வந்தன. பிழைப்புக்காக இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! வாலிபத்தில் ஓடியாடி உதவியவர், ஷிப்ட் மாறியதும் கூட்டத்துக்கு வர முடியாமல் போகிறார். பிறகு கல்யாணம், பிள்ளையின் பத்தாம் வகுப்பு, படுக்கையில் விழுந்த அம்மா. சிலர் ஒரு சுடுசொல்லால் நின்றார்கள். வேறு சிலர், எல்லா வேலையும் தங்கள் தலையிலேயே விழுந்ததால் களைத்துப் போனார்கள். நாமோ அவர்களைத் தேடிப் போகவில்லை. பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டோம். அது நம் குற்றம்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி, பூந்தமல்லிக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றுக் கரையெல்லாம் மூழ்கியது. அதுவரை எந்தச் சபையிலும் சேராத இளைஞர்கள் சோற்றுப் பொட்டலமும் பாயும் பால் பவுடருமாக வந்து நின்றார்கள். வெள்ளம் வடிந்தது, அவர்களும் வீடு திரும்பினார்கள். அவர்கள் அன்பு வற்றிவிட்டதா? இல்லை. அடுத்த சனிக்கிழமை என்ன வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே, இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். முன்பு நம்மோடு உழைத்து, இன்று ஒதுங்கி இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவோம். ஏன் வருவதில்லை என்று விசாரணை வேண்டாம். முதலில் அவர் நலம் கேட்போம். காயப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்போம். பிறகு, அவரால் முடிந்த சிறிய வேலை ஒன்றைச் சொல்லி அழைப்போம்: பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒரு மணி நேரம் பாடம் வாசித்துக் காட்டலாம், தனியாக இருக்கும் முதியவர் ஒருவருக்கு மருந்து வாங்கித் தரலாம். இப்போது முடியாது என்றால், அதையும் அன்போடு ஏற்று, மறுபடி போவோம்.

அந்த நிலக்கிழார் ஐந்து முறை போனார். நாம் இரண்டாம் முறையாவது போக வேண்டாமா?