நடுவயதுக் காடு: ஐரோப்பிய வனவியல் இழந்த இரண்டு பருவங்கள்

மத்திய ஐரோப்பாவின் மலைகளில் தானாக முளைத்த ஸ்புரூஸ் மரம் 300 ஆண்டுக்கு மேலும் நிற்கக்கூடியது. பட்டுப்போன பிறகும் உடனே மறைந்துவிடாது. நின்றபடி சில காலம், விழுந்து மட்கியபடி பல பத்தாண்டுகள் என்று அதற்கு இரண்டாவது வாழ்வு ஒன்று உண்டு. மரத்தொழிலுக்காக வளர்த்த காட்டிலோ அதே மரத்தின் கணக்கு 80 முதல் 120 ஆண்டுக்குள் முடிந்துவிடும். கடந்த 300 ஆண்டு ஐரோப்பிய வனவியல் காட்டின் நடுவயதைப் போற்றி வளர்த்தது. வெயில் தரையில் விழும் இளம்பருவத்தையும், பொந்தும் பூசணமுமாக மட்கும் முதுமையையும் அது கைவிட்டது. உயிரினங்களின் இழப்பு பெரும்பாலும் இந்த இரு முனைகளில்தான் நேர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். வெட்டுவதா, விடுவதா என்ற நெடுநாள் வழக்கையும் அதை வைத்தே பார்க்கிறேன்.

சுரங்கத்துக்கு வளர்ந்த காடு

ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், சாக்சனியின் ஃபிரைபெர்க் நகரில் வெள்ளிச் சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாது உருக்கும் உலைக்குக் கரி வேண்டும். சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கக் கட்டை வேண்டும். சுற்றிலும் மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. வளர்வதற்கு மேல் வெட்டக்கூடாது என்று வலியுறுத்தி 1713இல் அவர் வெளியிட்ட 'சில்விகல்சூரா எகனாமிகா' என்ற நூலைத்தான் 'நீடித்த பயன்பாடு' என்ற கருத்தின் பிறப்பிடமாகக் காட்டுவார்கள். அவருடைய கவலை மரத்தைப் பற்றியது. மரத்தில் குடியிருப்பவை அதில் இடம்பெறவில்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கவலை பிறக்காமல் போயிருந்தால் பல மலைகளில் இன்று பேசுவதற்குக் காடே மிஞ்சியிருக்காது.

அடுத்த நூற்றாண்டில் கியோர்க் லுட்விக் ஹார்ட்டிக், ஹைன்ரிக் கோட்டா இருவரும் இதைக் கணக்காக்கினார்கள். சுழற்சி 100 ஆண்டு என்றால் காட்டை 100 பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கை வெட்டி, மறுபடி வளர்ப்பது என்பது அந்தக் கணக்கின் எளிய வடிவம். வேகமாகவும் நேராகவும் வளரும் ஸ்புரூஸும் பைனும் இதற்குத் தோதாக இருந்தன. 1811இல் கோட்டா தாராண்ட்டுக்குத் தன் வனப்பள்ளியைக் கொண்டுவந்தார். 1824இல் பிரான்சின் நான்சியில் இன்னொன்று எழுந்தது. பான் நகரத்துக்காரரான டீட்ரிக் பிராண்டிஸ் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானதும், இந்தியாவுக்கான வன அதிகாரிகள் ஜெர்மனியிலும் நான்சியிலும் படித்துவிட்டு வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் வெட்ட ஒதுக்கிய பகுதியை இன்றும் 'கூப்பு' என்கிறோமே, அது பிரெஞ்சு வனவியலின் சொல்.

இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்கள் காட்டோர மக்கள். மாடும் பன்றியும் மேய்த்தார்கள், சருகு வாரினார்கள், விழுந்த சுள்ளி பொறுக்கினார்கள். ரைன்லாந்தில் சுள்ளி பொறுக்குவதையும் திருட்டாக்க வந்த சட்டத்தைக் கண்டித்து இளம் கார்ல் மார்க்ஸ் 1842இல் கட்டுரை எழுதினார். சூழலியல் நோக்கில் இந்த வரலாறு நேர்கோட்டில் போவதில்லை. பட்டமரம் குறைந்ததற்கு வனத்துறை மட்டும் காரணமில்லை, ஏழைகளின் அடுப்புக்கும் அதில் பங்குண்டு. மறுபுறம், அவர்களுடைய மாடுகள் மேய்ந்ததால்தான் காட்டுக்குள் வெயில் விழுந்தது. மேய்ச்சல் நின்று மரங்கள் தலைசேர்ந்து மூடியபோது அந்த வெளிச்சமும் போயிற்று.

ஒரே வயது மரங்களாக வளர்க்கும் முறைக்கு எதிர்க்குரல்கள் பிந்தி வரவில்லை. மூனிக் பேராசிரியர் கார்ல் கேயர் 1886இல் கலப்புக் காட்டுக்காக நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் கூவே கிராமத்தில் ஹென்றி பியோலே 1890 முதல் ஒவ்வொரு மரத்தையும் அளந்து, தேர்ந்து வெட்டும் முறையை நடைமுறையில் காட்டினார். 1922இல் ஆல்ஃபிரட் மொல்லர், காட்டை ஒரேயடியாக வெட்டாத 'நிலைக்காடு' என்ற கோட்பாட்டை முன்வைத்தார். ஆனாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையான ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சரிவுகளில் பெரும்பாலும் ஸ்புரூஸ்தான் நடப்பட்டது. அவசரத்துக்குக் கைகொடுத்த மரம் அது.

அச்சடிக்கும் வண்டு

ஸ்புரூஸ் பட்டையை உரித்துப் பார்த்தால், உள்பக்கத்தில் நேராக ஒரு கோடும் அதன் இருமருங்கிலும் வரிவரியாகக் கிளைக்கோடுகளும் தெரியும். நடுக்கோடு தாய் வண்டு முட்டையிட்டுப் போன பாதை. பக்கக்கோடுகள் புழுக்கள் தின்றுகொண்டே போனவை. அச்சிட்ட பக்கம் போலிருப்பதால் ஜெர்மானியர் இந்த வண்டுக்கு 'அச்சடிப்பவன்' என்று பெயரிட்டார்கள். ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல ஈரமுள்ள மரம் பிசினைக் கக்கி வண்டை மூழ்கடித்துவிடும். புயலில் சாய்ந்த மரத்துக்கும் வறட்சியில் வாடிய மரத்துக்கும் அந்தத் தெம்பு இராது. ஆகவே சாய்ந்த மரத்தை உடனே அப்புறப்படுத்துவது வனக்காவலரின் முதல் பாடம்.

ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவாக 1970இல் தொடங்கிய பவேரியக் காட்டில் அந்தப் பாடம் சோதனைக்கு வந்தது. 1983 ஆகஸ்டில் ஒரு புயல் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. பவேரிய அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான், தானே வன நிர்வாகத்துக்குப் பொறுப்பானவராக இருந்தும், பூங்காவின் உட்பகுதியில் அவற்றைக் கிடந்தபடியே விடச் சொன்னார். பூங்காவின் தலைவர் ஹான்ஸ் பீபல்ரீட்டர் அந்த முடிவின் பின்னால் உறுதியாக நின்றார். 1990களில் வண்டு பெருகி, லூசன் மலையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஸ்புரூஸ் சாம்பல் நிறமாயிற்று. ஊர் மக்கள் கொதித்தார்கள். தாத்தா காலத்திலிருந்து பார்த்த பச்சை மலை கண்ணெதிரே பட்டுப்போனால் யாருக்குத்தான் வலிக்காது? சொந்தத் தோப்புக்கு வண்டு பரவுமோ என்ற அச்சமும் இருந்தது. அதற்காகவே எல்லையோரப் பகுதியில் வண்டு தாக்கிய மரங்களை வெட்டி அகற்றும் வேலை தொடர்ந்தது. உள்ளே விடு, ஓரத்தில் வெட்டு என்ற இந்த ஏற்பாடு எளிமையானது. எனினும் பாதுகாப்புக்கும் மேலாண்மைக்கும் இடையே நடைமுறையில் நின்ற சமரசங்களில் இதையே முதலாவதாக வைப்பேன்.

காடு திரும்ப வந்தது. பட்டமரங்களின் காலடியில் ஸ்புரூஸ் கன்றுகள் யாரும் நடாமலே முளைத்தன. முதுகாட்டின் எச்சங்களில் மட்டும் ஒண்டியிருந்த ஒரு எலுமிச்சை மஞ்சள் நிறப் பூசணம் அங்கே கிடந்த பட்டமரங்களில் பரவியது. இந்தப் பூசணம் தனியே வராது. ஸ்புரூஸைத் தின்னும் இன்னொரு பூசணம் முதலில் குடியேறிய கட்டையில்தான் முளைக்கும். அப்படிப்பட்ட கட்டைகள் அருகருகே நிறையக் கிடக்க வேண்டும். ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு கட்டையை அடையாளத்துக்கு விட்டுவைத்தால் அது வராது. பட்டமரம் எவ்வளவு தேவை என்று கேட்பவர்களுக்குப் புள்ளிவிவரத்தைவிட இந்தப் பூசணம் தெளிவாகப் பதில் சொல்கிறது.

மரவெட்டியின் பின்னால் ஒரு பட்டாம்பூச்சி

முதுமையின் கதை அது. இளமையின் கதைக்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே பல காடுகளில் ஹேசல், செஸ்ட்நட் மரங்களைக் குளிர்காலத்தில் அடியோடு வெட்டுவார்கள். கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல் அடிக்கட்டை துளிர்த்துப் பல கழிகளாக எழும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டலாம். சஃபோக்கின் பிராட்ஃபீல்டு காட்டில் இம்முறை 1252 முதல் பதிவாகியிருக்கிறது. வெட்டிய பங்கில் இரண்டாம் ஆண்டு காட்டுப்பூக்கள் மண்டும். நான்கைந்து ஆண்டில் கழிகள் மூடிக்கொள்ளும். அதற்குள் அடுத்த பங்கு திறந்திருக்கும்.

இந்தத் திறப்பைத் தொடர்ந்து இடம்பெயர்வது ஹீத் ஃபிரிட்டில்லரி என்னும் ஆரஞ்சும் கறுப்புமான கட்டம்போட்ட சிறு பட்டாம்பூச்சி. நாட்டுப்புறத்தில் அதற்கு 'மரவெட்டியைத் தொடர்பவன்' என்று பெயர். காட்டில் அதன் புழுவுக்கு முக்கிய உணவு வெளிச்சத்தில் வளரும் ஒரு சிறுசெடி. பட்டாம்பூச்சி நெடுந்தூரம் பறக்காது. அடுத்த வெட்டு பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். நிலக்கரியும் ரயிலும் வந்தபின் விறகுக்கும் கழிக்கும் தேவை குறைந்தது, கோடரி ஓய்ந்தது, காடு இருண்டது. முதல் உலகப் போரின் மரத் தட்டுப்பாட்டுக்குப் பின் 1919இல் அமைந்த வன ஆணையம் பல பழங்காடுகளில் ஊசியிலை மரங்களைப் புகுத்தியது. 1980 வாக்கில் இந்தப் பட்டாம்பூச்சி பிரிட்டனில் அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. கென்ட் மாவட்டத்தின் பிளீன் காடுகளில் அது தப்பியது வேலி போட்டதால் அல்ல. பழைய சுழற்சியில் மறுபடி வெட்டத் தொடங்கியதால். வரலாற்றாசிரியர் ஆலிவர் ராக்கம் வாழ்நாள் முழுதும் சொன்னதும் இதுவே: இங்கிலாந்தின் பழங்காடுகள் மனிதக் கையோடு சேர்ந்து வளர்ந்தவை.

வழக்கு மன்றத்தில் காடு

இப்படிச் சொன்னவுடன், எல்லாக் காட்டையும் வெட்டலாம் என்று பொருள் கொள்ள ஆளுண்டு. போலந்தின் பியாவோவியெஷா காட்டில் நடந்தது அது. 2016இல் வண்டைக் காரணம் காட்டி, ஒரு வனக்கோட்டத்தின் வெட்டு அளவை 63,000 கனமீட்டரிலிருந்து 1,88,000 கனமீட்டராக அமைச்சகம் உயர்த்தியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரல் 17 அன்று இதைச் சட்டவிரோதம் என்று தீர்த்தது. பட்டமரப் பட்டைக்கடியில் வாழும் ஒரு தட்டையான சிவப்பு வண்டும் அத்தீர்ப்பில் பேசப்பட்ட உயிர்களுள் ஒன்று. அந்தக் காட்டில் முதுமை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை வெட்டுவதற்குப் பிளீன் காட்டைச் சான்றாக்க முடியாது.

தேர்ந்து வெட்டும் முறையே எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கையும் அசைந்திருக்கிறது. ஜெர்மானிய பீச் காடுகளை வைத்து 2018இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, வெவ்வேறு வயதுப் பங்குகள் கலந்த நிலப்பரப்பில் வட்டார அளவில் உயிரினப் பன்மை கூடுதலாக இருந்ததைக் கண்டது. எங்கும் ஒரே மாதிரி நிழலாக இருந்த தேர்வெட்டுக் காடு அதற்குப் பின்னால் நின்றது. ஒப்பீட்டுக்கு எடுத்த, வெட்டாமல் விட்ட காடுகள் அப்படி விடப்பட்டுச் சில பத்தாண்டே ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றில் முதுமை இன்னும் வந்துசேரவில்லை.

பின்லாந்தில் மட்கும் மரத்தை நம்பி வாழும் இனங்கள் 4,000 முதல் 5,000 வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். காட்டுயிர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. காட்டில் பெரும்பகுதி குடும்பங்களின் சொத்தாக இருக்கும் அந்த நாட்டில், 2008இல் தொடங்கிய 'மெட்சோ' திட்டம் உரிமையாளரைத் தேடிப் போய், விருப்பத்தின் பேரில் பாதுகாக்க ஒப்புக்கொண்டால் ஈடு தருகிறது. கட்டாயத்தைவிட இது மெதுவானது. எனினும் காட்டோடு வாழ்பவரைப் பகையாளி ஆக்காத வழி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

2018 முதல் மூன்றே ஆண்டு வறட்சியில் ஜெர்மனி சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது. பெரும்பாலும் ஸ்புரூஸ், ஹார்ட்ஸ் மலையில் நட்டவையும் அதில் போயின. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய இயற்கை மீட்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் நிலையோடு, நிற்கும் பட்டமரம், கிடக்கும் பட்டமரம், பலவயதுக் காடு, நாட்டு மரங்கள் முதலியவற்றையும் அளவுகோலாக்கி, அவற்றில் பெரும்பான்மையில் முன்னேற்றம் கேட்கிறது. ஹார்ட்டிக்கின் வாரிசுகள் இனி மட்கும் கட்டையையும் கனமீட்டரில் அளப்பார்கள். தரையில் விழும் வெயிலுக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை. உறுப்பு நாடுகள் 2026 செப்டம்பருக்குள் தத்தம் மீட்புத் திட்டத்தின் வரைவை ஒப்படைக்க வேண்டும்; விட்டுப்போனதைச் சேர்க்க இடம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டன் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பிளீன் காட்டில் குளிர்காலம்தோறும் செஸ்ட்நட் கழிகளை வெட்டி அடுக்குகிறார்கள். ஜூன் மாதத்தில் அந்தப் பட்டாம்பூச்சி, சில ஆண்டுகளுக்கு முன் வெட்டிய பங்கைத் தேடி வந்துசேர்கிறது.