கறார் விலையும் கார் விலையும்

கதை எழுதுகிறவனுக்குப் பேரத்தின் மீது ஒரு பிரியம் இருப்பது இயற்கை. இரண்டு பாத்திரங்கள், ஒரு பொருள், கொஞ்சம் பொய், கொஞ்சம் கோபம், போகிற மாதிரி நாலு அடி எடுத்து வைப்பது, திரும்பக் கூப்பிடுவது, கடைசியில் சமாதானம். ஓரங்க நாடகத்துக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் நாடகத்தை ரசிப்பது ஒன்று. அந்த நாடகத்துக்கு டிக்கெட் பணம் கொடுத்தவர் யார் என்று பார்ப்பது வேறொன்று. அமெரிக்காவில் பழைய மோட்டார் கார் வாங்குகிற சரித்திரத்தைப் படித்த பிறகு, இந்த இரண்டாவது கணக்குத்தான் என் மனத்தில் தங்கியிருக்கிறது.

அந்தச் சரித்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற மத போதகர் இருந்தார். குவேக்கர்கள் என்று பெயர் பெற்ற கூட்டத்தை ஏற்படுத்தியவர். ஒரு விலையைச் சொல்லிவிட்டு வேறொரு விலைக்கு விற்பதும் பொய்தான் என்பது அவர்கள் கட்சி. ஆகவே அவர்களில் கடை வைத்திருந்தவர்கள் ஒரே விலைதான் சொன்னார்கள். நாளடைவில் ஜனங்கள் அந்தக் கடைகளைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? காசைக் கொடுத்து ஒரு குழந்தையை அனுப்பினாலும், பெரியவர்கள் நேரில் போனால் நடக்கிற நியாயம் அந்தக் குழந்தைக்கும் நடந்தது. ஃபாக்ஸே இதை எழுதி வைத்திருக்கிறார்.

குழந்தையை அனுப்பலாமா? ஒரு விலையின் யோக்கியதையைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் ஏ. டி. ஸ்டூவர்ட், பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கர் போன்ற பெரிய கடைக்காரர்கள் இந்தக் கறார் விலையை நாடறிந்த வழக்கமாக்கினார்கள். துணிக்கும் தொப்பிக்கும் சீட்டுக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. அப்படியிருக்க, அதற்குப் பின்னால் பிறந்த மோட்டார் கார் மட்டும் எப்படிப் பேரத்தில் போய் மாட்டிக்கொண்டது?

ஹென்றி ஃபோர்டு குற்றவாளி அல்ல. 1908-இல் அவருடைய 'டி' மாடல் கார் 850 டாலர். 1925-க்குள் அது 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. விலை விளம்பரத்திலேயே அச்சாகும், ஊருக்கே தெரியும். பேரம் கொல்லைப்புற வாசல் வழியாக வந்தது. 1920-களில் கார் வாங்க வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு கார் வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு புதுசைக் கொடு என்றார்கள். நம் வீடுகளில் பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவதில்லையா, அந்த மாதிரி. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்ஃப்ரெட் ஸ்லோன், அந்தக் காலத்தில் கார் வியாபாரத்தையே மாற்றிய நான்கு விஷயங்களில் இதையும் ஒன்றாகத் தம் நூலில் குறிப்பிடுகிறார். புதுக் காருக்கு விலை உண்டு. ஆனால் பத்தாயிரம் மைல் ஓடிய, யாரோ ஒருவர் எப்படியோ ஓட்டிய பழைய காருக்கு என்ன விலை? பாத்திரத்தையாவது தராசில் நிறுத்துவிடலாம். காரை எதில் நிறுப்பது? இப்படி வாங்கிப் போட்ட கார்களை வியாபாரி மறுபடி விற்றாக வேண்டும். பழைய கார் மைதானங்கள் பெருகின. அங்கே பேரமும் குடியேறியது.

நம் மாட்டுத் தாவணியில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அந்தத் துண்டு வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் மறைப்பு. விற்கிறவன், வாங்குகிறவன் இருவர் கையும் உள்ளேயே இருக்கின்றன. அமெரிக்கக் கார் மைதானத்திலோ துண்டு இருவருக்கும் நடுவில் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் லெஸ் கெல்லி என்ற பழைய கார் வியாபாரி, எந்தக் கார் என்ன விலை பெறும் என்று பட்டியல் தயாரித்து, 1926-இல் 'நீலப் புத்தகம்' என்று வெளியிட்டார். வியாபாரிகளும் பாங்கிக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் விலை பேசினார்கள். பொதுஜனங்களுக்கென்று அதில் ஒரு பதிப்பு வந்தது 1993-இல். நடுவில் 67 வருஷம்!

புத்தகத்தை மேஜை அறையில் வைத்துக்கொண்டு வியாபாரி என்ன செய்வார்? ஒரு தாளில் நாலு கட்டம் போடுவார். உங்கள் பழைய காருக்கு அவர் தருவது ஒரு கட்டம். வாங்கப் போகிற காரின் விலை ஒன்று. நீங்கள் கையில் கொடுக்கும் ரொக்கம் ஒன்று. மாதத் தவணை ஒன்று. நீங்கள் ஒரு கட்டத்தில் பிடிவாதம் பிடித்தால் அவர் தாராளமாக விட்டுக்கொடுப்பார். அடுத்த கட்டத்தில் அதைப் பிடித்துக்கொள்வார். "மானேஜரைக் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போய், வெகு நேரம் கழித்து வருத்தமான முகத்துடன் திரும்பி வருவார். ஆடுபுலி ஆட்டந்தான். ஆடு தான் என்பது ஆட்டுக்குத் தெரியாது என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்தத் துண்டைச் சிலர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் முயற்சியால் 1958-இல் ஒரு சட்டம் வந்தது: புதுக் கார் ஒவ்வொன்றிலும் தயாரித்தவர் குறித்த விலைச் சீட்டு ஒட்டியாக வேண்டும். ஆனால் பழைய காருக்குச் சீட்டு இல்லை. ஓடிய மைல் கணக்கைப் பின்னுக்குத் திருப்பிவைக்கும் கைங்கரியத்தை நாடு முழுவதற்குமாகத் தடுக்கும் சட்டமும் 1972-இல்தான் வந்தது.

இதற்கிடையே 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற இளம் பொருளாதார நிபுணர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது, எழுத்தாளர்கள் கவனிக்க! நம் ஊரில் புதுக் காரின் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிற எலுமிச்சம்பழத்தை, அமெரிக்கர்கள் ஓட்டைக் காருக்கே பெயராக வைத்திருக்கிறார்கள். அந்த எலுமிச்சம்பழச் சந்தையைப் பற்றியது கட்டுரை. கார் நல்லதா கெட்டதா என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல காரை யார் விற்பார்கள்? நல்ல கார்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, சந்தையில் எலுமிச்சம்பழமே மிஞ்சும். இந்தியாவிலும் சில காலம் தங்கியிருந்த அவர், அதே கட்டுரையில், அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் நம் வீட்டுப் பெண்களையும் உதாரணம் காட்டுகிறார். முறமும் கையுமாக நம் பாட்டிமார் செய்த வேலையிலும் ஒரு பொருளாதாரத் தத்துவம் ஒளிந்திருந்தது. அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன? அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 1981-இல் அதைத்தான் விதியாகப் போட்டது: தனக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளை வியாபாரி எழுதி ஒட்ட வேண்டும். 1982-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அந்த விதியைத் தள்ளிவிட்டது. அப்படித் தள்ளும் முறையே செல்லாது என்று 1983-இல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. ஆனாலும் 1984-இல் வெளிவந்த புதிய விதியில் கோளாறு சொல்லும் ஷரத்து காணோம். வியாபாரி உத்தரவாதம் தருகிறாரா, இல்லை 'உள்ளது உள்ளபடி' விற்கிறாரா என்று சீட்டு ஒட்டினால் போதும் என்று ஆயிற்று.

'சாமர்த்தியம் உள்ளவன் குறைத்து வாங்குகிறான், மற்றவனுக்குப் போதாது. இதில் அநியாயம் என்ன?' என்று கேட்கலாம். இதற்குப் பதில் 1991-இல் வந்தது. இயன் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர், சிகாகோ வட்டாரத்துக் கார்க் கடைகளுக்கு ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே பாடம், பேச வேண்டிய ஒரே வசனம். கேட்டதும் புதுக் கார்களையே. வெள்ளைக்கார ஆண்களிடம் வியாபாரி வைத்த லாபம் 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், வெள்ளைக்காரப் பெண்களிடம் அது 140. கறுப்பின ஆண்களிடம் 200-க்கு மேல். கறுப்பினப் பெண்களிடம் 300-க்கும் மேல். வசனம் ஒன்றே, சாமர்த்தியமும் ஒன்றே. மாறியது முகம் ஒன்றுதான். விலை காருக்குப் போடப்படவில்லை; ஆளுக்குப் போடப்பட்டது.

இதைப் படித்த பிறகு பேரத்தை வெறும் நாடகமாக ரசிக்க என்னால் முடியவில்லை. நன்றாகப் பேசுகிறவனுக்குக் கிடைத்த தள்ளுபடியை வியாபாரி தம் பையிலிருந்து கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். பல சமயம் அது அடுத்தாற்போல் வந்த வாயில்லாதவளிடம் வசூலித்த பணம்.

1993-இல் வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்டில் 'கார்மாக்ஸ்' என்ற பழைய கார்க் கடை, பேரமே கிடையாது என்ற கொள்கையோடு திறந்தது. பிறகு நாடெங்கும் கிளைகள் விட்டது. இன்று நீலப் புத்தகத்தின் விலையையும் யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்ளலாம். துண்டு பாதிக்கு மேல் விலகிவிட்டது என்றே சொல்லலாம். ஆனாலும் கடனுக்கு வட்டி என்ன, பழைய காருக்கு ஈடு என்ன என்ற கட்டங்கள் அந்தத் தாளில் இன்னும் இருக்கின்றன.

கார் வாங்கக் குழந்தையை அனுப்ப முடியாதுதான். ஆனால் கூச்சமுள்ள ஒரு விதவையை, ஊருக்குப் புதிதாய் வந்த ஒரு கூலித் தொழிலாளியை அனுப்பலாமா? அனுப்பினால், வாய்ச்சொல்லில் வீரரான நம் மைத்துனர் வாங்கி வந்த அதே விலைக்கு வாங்கி வருவார்களா? ஆம் என்று சொல்ல முடிகிற கடை எதுவோ, அங்கேதான் காருக்கு விலை இருக்கிறது.