ஓய்வுபெற்ற விமானங்களைக் காப்பது எப்படி? விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் ‘டியூ-142’

விசாகப்பட்டினம்: ஆந்திர மாநிலம் விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில், வங்கக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது இந்தியக் கடற்படையின் ‘டியூ-142’ ரக நெடுந்தூரக் கண்காணிப்பு விமானம். இவ்வகை விமானங்கள் 29 ஆண்டுகளில் 30,000 மணி நேரம் விபத்தின்றிப் பறந்ததாகக் கடற்படை பதிவு செய்துள்ளது. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட இந்த விமானம், இப்போது வேறொரு சோதனையை நாள்தோறும் எதிர்கொள்கிறது. உப்பு கலந்த கடற்காற்றே அந்தச் சோதனை.

வரலாற்றுச் சிறப்புமிக்க விமானம் ஒன்றைக் காட்சிக்கு வைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் அதைச் சிதையாமல் காப்பதே கடினமான பகுதி. அதற்குத் தேவைப்படும் பணிகள் எவை, இந்திய அனுபவம் கூறுவது என்ன என்பது குறித்த விரிவான தொகுப்பு இது.

அரக்கோணத்திலிருந்து கடற்கரைக்கு

சோவியத் ஒன்றியத்தில் தயாரிக்கப்பட்ட டியூ-142 விமானங்கள் எட்டு, 1988-ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டன. ஆழ்கடலில் வெகு தொலைவு சென்று கண்காணிப்பதும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கண்டறிவதும் இவற்றின் முதன்மைப் பணிகள். ஐஎன்ஏஎஸ் 312 என்ற படைப்பிரிவு இவற்றை இயக்கியது. தொடக்கத்தில் கோவாவில் இயங்கிய இப்பிரிவு, 1992-இல் தமிழகத்தின் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்துக்கு மாறியது.

ஏறத்தாழ 53 மீட்டர் நீளமும், இறக்கை முனைகளுக்கு இடையே 50 மீட்டர் அகலமும் கொண்டது இவ்விமானம். நான்கு எஞ்சின்களில் ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள் உண்டு.

2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் நடைபெற்ற நிகழ்ச்சியில் டியூ-142 விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து வந்தது. அங்குள்ள கடற்படை விமானத் தளத்தில் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்டது. 2017 டிசம்பர் 7 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

சாலையின் மறுபுறம், கடற்கரை மணலில் ஐஎன்எஸ் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. நீர்மூழ்கியையும் நீர்மூழ்கியைத் தேடும் விமானத்தையும் பார்வையாளர்கள் ஒரே இடத்தில் காண முடிவது இதன் சிறப்பு.

நிற்கும் விமானம் ஏன் சிதைகிறது?

விமானங்களின் உடற்பகுதி பெரும்பாலும் செம்பு முதலான உலோகங்கள் கலந்த அலுமினியக் கலவையால் ஆனது. எடை குறைவு, உறுதி மிகுதி என்ற இரு காரணங்களுக்காக இது தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால், தூய அலுமினியத்தைவிட இக்கலவை அரிப்புக்கு எளிதில் இடம் கொடுக்கும். எனவேதான் மேற்பரப்பில் தூய அலுமினியப் படலமும், அதன்மேல் வண்ணப்பூச்சும் பூசப்படுகின்றன.

இந்தப் பூச்சில் கீறல் விழும்போது சிக்கல் தொடங்குகிறது. கடற்காற்றில் உள்ள உப்பு, ஈரத்துடன் சேர்ந்து கீறலின் வழியே உள்ளே புகுந்து, உலோகத்தில் ஊசி முனை அளவிலான குழிகளை உண்டாக்குகிறது. சில கலவைகளில் அரிப்பு உட்புறமாகப் பரவி, உலோகத் தகடு ஏடு ஏடாகப் பிரிந்து உப்பிவிடும். இரும்பில் துரு செந்நிறத்தில் தெரிவதுபோல, அலுமினிய அரிப்பு உடனே கண்ணுக்குப் புலப்படாது. வெண்ணிறப் பொடியும் வண்ணப்பூச்சில் தோன்றும் கொப்புளங்களுமே அதன் முதல் அறிகுறிகள்.

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஆபத்து இன்னும் அதிகம். அலுமினியத் தகட்டில் எஃகு ஆணி பொருத்தப்பட்ட இடத்தில் உப்பு நீர் தேங்கினால், அங்கே சிறு மின்கலம் போன்ற வேதிவினை ஏற்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். விமானங்களின் சக்கரங்களிலும் எஞ்சின் உறைகளிலும் பயன்படுத்தப்படும் மெக்னீசியக் கலவை இவ்வகையில் மிக விரைவாக அழியக்கூடியது.

பறக்கும் விமானம் குறிப்பிட்ட கால இடைவெளியில் கழுவப்பட்டு, திறந்து பார்க்கப்பட்டு, பழுதான உதிரிபாகங்கள் மாற்றப்படுகின்றன. காட்சிக்கு வைக்கப்பட்ட விமானத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. மழைநீர் வடிவதற்கான துளைகளைக் காய்ந்த இலைகளும் பறவைக் கூடுகளும் அடைத்துக்கொள்கின்றன. பறவை எச்சம் வண்ணப்பூச்சை அரிக்கிறது. வெயிலில் ஜன்னல் கண்ணாடிகள் மங்கி நுண்விரிசல் விடுகின்றன. பல டன் எடையை ஒரே நிலையில் தாங்கும் டயர்கள் வெடித்துப் பிளக்கின்றன.

காப்புப் பணியின் படிநிலைகள்

ஒரு விமானம் அருங்காட்சியகத்துக்கு வந்ததும் முதலில் செய்யப்படுவது அபாய நீக்கம். எரிபொருள், எண்ணெய் ஆகியவை முழுவதும் வடிக்கப்படுகின்றன. போர் விமானமாக இருப்பின், விமானியை வெளியேற்றும் இருக்கையில் உள்ள வெடிபொருள் அகற்றப்படும். பழைய விமானங்களில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்ட அளவிகள் இருக்கக்கூடும். அவற்றையும் தனியே கண்டறிந்து கையாள வேண்டும்.

அடுத்தது ஆவணப்படுத்தல். பறப்புப் பதிவேடுகள், பராமரிப்புக் குறிப்புகள், உட்புற எழுத்துகள், வண்ண அடுக்குகள் ஆகிய அனைத்தும் படம் எடுக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் விமானம் பளபளக்கும். ஆனால், எந்தப் பிரிவில், எந்தக் காலத்தில் பணியாற்றியது என்ற சான்று அச்சுரண்டலோடு மறைந்துவிடும்.

மூன்றாவது, அன்றாடப் பராமரிப்பு. நன்னீரால் உப்பைக் கழுவுதல், வடிதுளைகளைத் திறந்து வைத்தல், திறப்புகளில் வலை பொருத்துதல், கீறல்களுக்கு உடனுக்குடன் பூச்சிடுதல், டயர்கள் மீது எடை விழாதவாறு தாங்கிகள் அமைத்தல் ஆகியவை இதில் அடங்கும். புயல் வீசும் கடற்கரைகளில் விமானத்தைத் தரையுடன் உறுதியாகப் பிணைப்பதும் இன்றியமையாதது. அகன்ற இறக்கைகள் நின்ற நிலையிலும் பெருங்காற்றில் தூக்குவிசையை உண்டாக்கும். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் கரை கடந்த நகரம் விசாகப்பட்டினம் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

இவை அனைத்தினும் மேலானது கூரை. மழையும் வெயிலும் படாத கூடத்தில் வைக்கப்படும் விமானத்தின் ஆயுள் பன்மடங்கு நீள்கிறது. ஆனால், 50 மீட்டர் அகலமுள்ள விமானத்துக்குக் கூடம் அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணி. அதனால்தான் பெரிய விமானங்கள் பெரும்பாலும் திறந்த வெளியில் நிறுத்தப்படுகின்றன.

கோவாவில் ஒரு முன்னோடி

ஐஎன்ஏஎஸ் 312 பிரிவின் முந்தைய தலைமுறை விமானத்தைக் கோவாவில் காணலாம். டபோலிம் விமான நிலையத்தை அடுத்துள்ள கடற்படை விமான அருங்காட்சியகம் 1998 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கே திறந்த வெளியில் நிற்கும் ‘சூப்பர் கான்ஸ்டலேஷன்’, ஏர் இந்தியாவின் பயணிகள் விமானமாகத் தன் பணியைத் தொடங்கியது. பின்னர் விமானப்படைக்குச் சென்று, 1976-இல் கடற்படைக்கு வந்தது. அந்த ஆண்டுதான் ஐஎன்ஏஎஸ் 312 பிரிவும் தொடங்கப்பட்டது. பயணிகள் விமானச் சேவை, வான்படை, கடற்படை என மூன்று வரலாறுகளை ஒரே விமானம் சுமந்து நிற்கிறது. கடற்கரைக்கு அருகிலும், கனமழை பெய்யும் பகுதியிலும் அமைந்திருப்பதால், விசாகப்பட்டினம் விமானம் எதிர்கொள்ளும் அதே சிக்கல்களை இதுவும் எதிர்கொள்கிறது.

பறக்க வைப்பதா, நிறுத்திக் காப்பதா?

பழைய விமானங்களை மீண்டும் பறக்க வைப்பது இன்னொரு வழி. இந்திய விமானப்படையிடம் உள்ள ‘பரசுராமா’ என்ற டகோட்டா விமானம் இதற்கு எடுத்துக்காட்டு. கழிக்கப்பட்ட நிலையில் இருந்த இவ்விமானம் பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு, 2018-இல் பறந்தே இந்தியா வந்தடைந்தது. அதற்கு இடப்பட்ட விபி 905 என்ற எண், 1947 அக்டோபர் 27 அன்று படையினருடன் ஸ்ரீநகரில் தரையிறங்கிய டகோட்டாவுக்கு உரியது. அந்நிகழ்வின் நினைவாகவே வேறொரு விமானமான இதற்கு அவ்வெண் வழங்கப்பட்டது.

ஆயினும், பறப்பதற்குத் தகுதியாக்கும்போது பழைய பாகங்கள் பலவற்றை நீக்கிப் புதியவற்றைப் பொருத்த வேண்டியிருக்கும். விபத்து நேர்ந்தால் அனைத்தும் இழப்பே. ஒன்றே ஒன்று எஞ்சியுள்ள விமானத்தில் அத்தகைய துணிவு காட்ட இயலாது. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள ‘வாபிட்டி’ விமானம் அவ்வகையைச் சேர்ந்தது. 1933-இல் இந்திய விமானப்படையின் முதல் படைப்பிரிவு இவ்வகை விமானங்களுடன்தான் தொடங்கியது. உலகில் எஞ்சியிருக்கும் ஒரே வாபிட்டி இதுவே என்பதால், அது கூரையின் கீழ் நிறுத்திக் காக்கப்படுகிறது.

விக்ராந்த் தரும் எச்சரிக்கை

அருங்காட்சியகம் என்ற பெயர் மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் சான்று. 1961-இல் பணியில் இணைந்து, 1971 போரில் பங்கேற்ற அக்கப்பல், 1997-இல் ஓய்வு பெற்று மும்பையில் அருங்காட்சியகமாக விளங்கியது. பாதுகாப்பற்ற நிலையை எட்டியதால் 2012-இல் மூடப்பட்டது. நீதிமன்ற முயற்சிகள் பலனளிக்காத நிலையில், 2014-இல் விற்கப்பட்டு உடைக்கப்பட்டது. அதன் தளத்திலிருந்து எழுந்து பறந்த ‘சீ ஹாக்’, ‘அலிஸே’ ரக விமானங்கள் கோவா அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் பயனற்றவையாகக் கைவிடப்பட்ட ‘லிபரேட்டர்’ குண்டுவீச்சு விமானங்களை ஹிந்துஸ்தான் விமான நிறுவனம் சீரமைத்தது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. ஏனைய நாடுகளில் அவ்வகை விமானங்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால், பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் சேகரிப்புகளுக்கு இந்தியாவிலிருந்தே லிபரேட்டர்கள் சென்றன. பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று உள்ளது.

டியூ-142 விமானங்களின் இடத்தை அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ விமானங்கள் ஏற்றுக்கொண்டன. அவை இன்றும் அரக்கோணத்திலிருந்து பறக்கின்றன. ஐஎன்ஏஎஸ் 312 பிரிவின் மூன்று தலைமுறை விமானங்களும் இந்தியாவில் காணக்கூடியவையாக உள்ள காலம் இது. அவற்றுள் இரண்டு திறந்த வெளியில் கடற்காற்றில் நிற்கின்றன. கழுவுதல், பூச்சிடுதல், வடிதுளைகளைப் பார்த்தல் ஆகிய எளிய பணிகள் தவறாமல் நடைபெறுவதைப் பொறுத்தே அடுத்த தலைமுறை அவற்றைக் காணுமா என்பது அமையும்.